ஆறு தொகுதி, மூன்று காலி நாற்காலி: வடசென்னையில் நின்று பார்த்த 15-வது சட்டமன்றம்

2018 கோடையில் எங்கள் தெருக் குழாயில் சாக்கடை கலந்த தண்ணீர் வந்தது. வியாசர்பாடியில் இது புதுச் செய்தி இல்லை. ஆனால் அந்த முறை பத்து நாள் தாண்டியும் சரியாகவில்லை. மனு எழுதுவது என்று முடிவானது. எங்கள் தெருவில் எந்த மனுவுக்கும் முதல் வரி சொல்லித் தருகிற பெரியவர் ஒருவர் உண்டு, ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "யாருக்குன்னு போடறது நைனா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "எம்.எல்.ஏ. இல்ல. கவுன்சிலர் இல்ல. எம்.பி.க்கு எழுது, அவரு ஒருத்தர்தான் மிச்சம்" என்றார்.

அவர் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. வியாசர்பாடி பெரம்பூர் சட்டமன்றத் தொகுதியில் வருகிறது. 2017 செப்டம்பர் 18 அன்று எங்கள் எம்.எல்.ஏ. தகுதிநீக்கம் செய்யப்பட்டார். அடுத்தவர் 2019 மே 23 அன்றுதான் கிடைத்தார். மாநகராட்சி மன்றத்தின் காலமோ 2016 அக்டோபரில் முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். ஆக, ஒன்றே முக்கால் வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக, எங்களுக்கு நாடாளுமன்றத்துக்குக் கீழே ஒரு பிரதிநிதியும் கிடையாது.

தமிழ்நாட்டின் 15-வது சட்டமன்றத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு பட்டியலில் தொடங்கி அந்தப் பட்டியலிலேயே முடித்துவிடுகிறார்கள்: அ.தி.மு.க. இத்தனை, தி.மு.க. இத்தனை, காங்கிரஸ் இத்தனை. அந்தப் பட்டியல் ஓட்டு எண்ணிய நாளோடு சரி. 2016 மே முதல் 2021 மே வரை அந்த அவையின் கணக்கு மாறிக்கொண்டே இருந்தது. ஆட்சி பிழைத்ததும் ஜெயித்த இடங்களின் பலத்தில் மட்டும் அல்ல, காலியான இடங்களின் தயவிலும்தான். இதைப் புரிந்துகொள்ள 234 தொகுதிகளையும் சுற்ற வேண்டியதில்லை. வடசென்னை மக்களவைத் தொகுதிக்குள் அடங்கிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் போதும்: திருவொற்றியூர், டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர் (ஆர்.கே. நகர்), பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம்.

முதல் நாள் கணக்கு

2016 மே 16 அன்று 232 தொகுதிகளில் வாக்குப்பதிவு நடந்தது. பணப்பட்டுவாடா புகாரால் அரவக்குறிச்சிக்கும் தஞ்சாவூருக்கும் தேர்தல் தள்ளிப்போனது. மே 19 அன்று எண்ணியபோது அ.தி.மு.க. 134, தி.மு.க. 89, காங்கிரஸ் 8, இந்திய யூனியன் முஸ்லிம் லீக் 1. அ.தி.மு.க.வின் 134-க்குள் இரட்டை இலையில் நின்று ஜெயித்த கூட்டணிக் கட்சிக்காரர்கள் மூவரும் உண்டு: கருணாஸ், தனியரசு, தமிமுன் அன்சாரி. சின்னம் இலை என்பதால் கணக்கிலும் அவர்கள் அ.தி.மு.க.தான்.

மொத்தம் நான்கே கட்சிகள். 2011-ல் 29 இடம் பிடித்து எதிர்க்கட்சியாக உட்கார்ந்த தே.மு.தி.க.வுக்கு ஒன்றுகூட இல்லை. பா.ம.க., ம.தி.மு.க., வி.சி.க., பா.ஜ.க. எதற்கும் இல்லை. இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் இல்லை. கடைசியாகச் சொன்னது எங்கள் பக்கத்தில் கொஞ்சம் உறுத்தும். 1918-ல் இதே பெரம்பூரில், பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. அதில் முன்னால் நின்ற திரு.வி.க.வின் பெயரில் இங்கே ஒரு தொகுதியே இருக்கிறது. 2011-ல் அ.தி.மு.க. கூட்டணியில் இருந்த மார்க்சிஸ்ட் கட்சியின் அ. சவுந்தரராஜன் பெரம்பூரில் ஜெயித்தார். 2016-ல் இடதுசாரிகள் மக்கள் நலக் கூட்டணி என்று தனியாகப் போனார்கள், மாநிலம் முழுக்க ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

வடசென்னையின் ஆறில் கணக்கு மூன்றுக்கு மூன்று. ஆர்.கே. நகரில் ஜெயலலிதா, பெரம்பூரில் ப. வெற்றிவேல், ராயபுரத்தில் டி. ஜெயக்குமார்: இவர்கள் அ.தி.மு.க. கொளத்தூரில் மு.க. ஸ்டாலின், திருவொற்றியூரில் கே.பி.பி. சாமி, திரு.வி.க. நகரில் தாயகம் கவி எனப்படும் சிவக்குமார்: இவர்கள் தி.மு.க. முதலமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர், ஒரு மூத்த அமைச்சர், ஒரு முன்னாள் அமைச்சர் எல்லோரும் இந்தச் சின்ன வட்டத்துக்குள். மாநகரத்தின் 16 தொகுதிகளில் அ.தி.மு.க. பிடித்தது ஆறு, அதில் பாதி இங்கேதான்.

அதே வருடம் நவம்பர் 19 அன்று தள்ளிவைத்த இரண்டு தொகுதிகளுக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் ஓட்டுப்பதிவு நடந்தது. திருப்பரங்குன்றத்தில் ஜெயித்த சீனிவேல், பதவி ஏற்பதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். மூன்றையும் அ.தி.மு.க. பிடித்து 136 ஆனது. அந்தக் கட்சிக்கு அந்த அவையில் கிடைத்த உச்சக் கணக்கு இது. அது இரண்டு வாரம்கூட முழுதாக நீடித்தது என்று சொல்ல முடியாது.

ஆர்.கே. நகர்

இந்தத் தொகுதியை ஜெயலலிதா எடுத்துக்கொண்ட கதை 2015-ல் தொடங்குகிறது. சொத்துக்குவிப்பு வழக்கில் தண்டனை வந்ததும் ஸ்ரீரங்கம் கையை விட்டுப் போனது. 2015 மேயில் விடுதலையானதும் உட்கார ஓர் இடம் வேண்டும். ஆர்.கே. நகரில் எம்.எல்.ஏ.வாக இருந்த வெற்றிவேல் ராஜினாமா செய்து வழிவிட்டார். ஜூன் 27-ல் இடைத்தேர்தல். தி.மு.க. நிற்கவில்லை. வித்தியாசம் 1,50,722 ஓட்டு. பதினொரு மாதம் கழித்துப் பொதுத்தேர்தலில் அதே தொகுதியில், தி.மு.க.வின் சிம்லா முத்துச்சோழனை எதிர்த்து நின்றபோது வித்தியாசம் 39,545. இடைத்தேர்தல் ஓட்டுக்கும் பொதுத்தேர்தல் ஓட்டுக்கும் எவ்வளவு தூரம் என்பதற்குத் தண்டையார்பேட்டையில் நின்றால் இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

2016 டிசம்பர் 5 அன்று அவர் இறந்தார். ஒரு வாரத்தில், டிசம்பர் 12 அன்று, வர்தா புயல். மரம் விழுந்து மின்சாரம் போன தெருக்களில் எம்.எல்.ஏ.வைப் பற்றி யாரும் பேசவில்லை; முதலமைச்சரே இல்லாமல் போன துக்கம் அது. ஆனால் சட்டக் கணக்கில் அன்றைக்கே ஒரு நாற்காலி காலி. அவையின் பலம் 233. பெரும்பான்மைக்கு 117.

2017 பிப்ரவரியில் நடந்தவை எல்லோருக்கும் மனப்பாடம். ஜெயலலிதாவுக்குப் பின் முதலமைச்சரான ஓ. பன்னீர்செல்வம் 5-ஆம் தேதி ராஜினாமா, 7-ஆம் தேதி மெரினாவில் தியானம், 14-ஆம் தேதி சசிகலாவுக்கு எதிராக உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, எம்.எல்.ஏ.க்களைத் தங்கவைத்த கூவத்தூர் விடுதி, 16-ஆம் தேதி எடப்பாடி பழனிசாமி பதவியேற்பு. 18-ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆதரவு 122, எதிர்ப்பு 11, எல்லாம் பன்னீர்செல்வம் அணி. இந்த 11-ஐக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். ரகசிய வாக்கெடுப்பு கேட்ட தி.மு.க.வினர் வெளியேற்றப்பட்டார்கள், காங்கிரஸ் வெளிநடப்பு செய்தது.

அன்றைய தினத்தை எங்கள் ஆறு தொகுதி வழியாகப் பார்த்தால்: ஜெயக்குமாரும் வெற்றிவேலும் அரசுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். ஸ்டாலின், சாமி, கவி மூவரும் இருந்த கட்சி அவைக்கு வெளியே தள்ளப்பட்டது. ஸ்டாலின் கிழிந்த சட்டையோடு வெளியே வந்தார். ஆர்.கே. நகர் காலி. ஆறில் இரண்டு ஓட்டு மட்டுமே பதிவானது.

அப்புறம் அந்த இடைத்தேர்தல். 2017 ஏப்ரல் 12-க்கு அறிவித்தார்கள். கட்சி இரண்டாகப் பிரிந்து நின்றதால் தேர்தல் ஆணையம் இரட்டை இலையை முடக்கிவைத்தது. சசிகலா அணியின் டி.டி.வி. தினகரனுக்குத் தொப்பி. பன்னீர்செல்வம் அணியின் மதுசூதனனுக்கு இரட்டை மின்கம்பம். மதுசூதனன் யாரோ வெளியூர்க்காரர் அல்ல, 1991-ல் இதே ஆர்.கே. நகரில் ஜெயித்து அமைச்சரானவர். தி.மு.க.வுக்கு மருது கணேஷ். தெருவெல்லாம் தொப்பி வைத்த தலைகள். வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் இருக்கும்போது தேர்தலையே ரத்து செய்தார்கள். சுகாதார அமைச்சர் வீட்டில் வருமான வரிச் சோதனை, அதில் சிக்கியதாகச் சொன்ன 89 கோடி ரூபாய்ப் பட்டியல். பணம் கொடுத்தார்கள் என்று தேர்தல் நின்றது. வாங்கியவர்கள் திருப்பித் தர வேண்டுமா என்று கொருக்குப்பேட்டையில் உண்மையாகவே விவாதம் நடந்தது.

சட்டப்படி காலியிடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும். விதிவிலக்கு இரண்டு: அவையின் மிச்சக் காலம் ஒரு வருடத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மத்திய அரசோடு கலந்து, முடியாது என்று ஆணையம் சான்று சொல்ல வேண்டும். ஆர்.கே. நகருக்கு ஆறு மாதம் கடந்து இன்னொரு ஆறு மாதமும் ஆனது.

2017 டிசம்பர் 21-ல் மறுபடி ஓட்டு. இதற்குள் தினகரனை ஒதுக்கிவிட்டு எடப்பாடியும் பன்னீர்செல்வமும் சேர்ந்துவிட்டார்கள், இலை அவர்களுக்குத் திரும்பிவிட்டது. மதுசூதனன் இந்த முறை மின்கம்பத்தை இறக்கிவைத்து இலையோடு வந்தார். தினகரன் தொப்பியைக் கழற்றிவிட்டு குக்கரோடு வந்தார். ஓட்டுப் பதிவுக்கு முதல் நாள், ஜெயலலிதா மருத்துவமனையில் இருக்கும் காணொளி ஒன்று வெளியானது, வெளியிட்டவர் வெற்றிவேல். 24-ஆம் தேதி எண்ணியபோது தினகரன் 89,013, மதுசூதனன் 48,306. வித்தியாசம் 40,707. ஜெயலலிதா 2016-ல் வாங்கிய வித்தியாசத்தைவிட இது ஆயிரத்துச் சொச்சம் கூடுதல். தி.மு.க. டெபாசிட் இழந்தது. பா.ஜ.க.வுக்கு நோட்டாவைவிடக் குறைவு.

தினகரன் தரப்பு இருபது ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்தது என்ற பேச்சு இன்றுவரை தீரவில்லை. அதை வைத்தே முழு முடிவையும் விளக்கிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஏப்ரலில் எல்லாரும்தான் கொடுத்தார்கள் என்று புகார். ஆளுங்கட்சிக்குப் பணம் இல்லாமல் போய்விட்டதா என்ன? எடப்பாடி, பன்னீர்செல்வம் மீதிருந்த கோபம் போக ஓர் இடம் தேடியது, குக்கர் கைக்கு எட்டியது என்று நான் பார்க்கிறேன். எப்படியோ, 384 நாள் காலியாக இருந்த நாற்காலியில், எந்தக் கட்சியின் பட்டியலிலும் சேராத ஒரு சுயேச்சை உட்கார்ந்தார். அவையில் இருந்த ஒரே சுயேச்சை.

பெரம்பூர்: 519 ஓட்டும் 612 நாளும்

ஆர்.கே. நகரை ஜெயலலிதாவுக்கு விட்டுக்கொடுத்த வெற்றிவேலுக்கு 2016-ல் பெரம்பூர் கிடைத்தது. எதிரில் தி.மு.க.வின் உதயசூரியனில் நின்ற என்.ஆர். தனபாலன். வெற்றிவேலுக்கு 79,974, தனபாலனுக்கு 79,455. வித்தியாசம் 519. எங்கள் பூத்தில் மட்டும் வரிசையில் நின்று வெயில் தாங்காமல் வீட்டுக்குப் போனவர்களைச் சேர்த்தாலே கணிசமாகத் தேறும்.

அந்த 519 ஓட்டில் வந்தவர்தான் அடுத்த வருடம் ஆட்சியையே ஆட்டிய பதினெட்டுப் பேரில் ஒருவரானார். 2017 ஆகஸ்ட் 21-ல் எடப்பாடி, பன்னீர்செல்வம் அணிகள் இணைந்தன. மறுநாளே தினகரன் பக்கம் இருந்த 19 எம்.எல்.ஏ.க்கள் ஆளுநர் வித்யாசாகர் ராவைப் பார்த்து, முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று தனித்தனிக் கடிதம் கொடுத்தார்கள். அரசுக் கொறடா புகார் கொடுத்தார், சபாநாயகர் தனபால் விளக்கம் கேட்டார். ஜக்கையன் ஒருவர் மனம் மாறித் திரும்பினார். மிச்சம் 18 பேரும் செப்டம்பர் 18 அன்று தகுதிநீக்கம்.

இங்கேதான் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் போட வேண்டும். அன்று அவையில் 233 பேர். அ.தி.மு.க. 135-லிருந்து 18-ஐக் கழித்தால் 117. அதில் ஒருவர் சபாநாயகர். அவர் முதலில் ஓட்டுப் போட முடியாது. ஆக அரசின் கையில் 116. எதிர்ப்பக்கம் தி.மு.க. 89, காங்கிரஸ் 8, லீக் 1, கூட்டினால் 98. அதோடு அந்தப் பதினெட்டும் சேர்ந்து ஓட்டுப் போட்டிருந்தால்? 116. காகிதத்தில் சரிக்குச் சரி. அப்போது சபாநாயகரின் ஓட்டுத்தான் ஆட்சியைத் தீர்மானித்திருக்கும்.

பதினெட்டையும் நீக்கியதும் என்ன ஆனது? எதிர்ப்பக்கம் 98-ஆகச் சுருங்கியது மட்டும் இல்லை, அவையின் மொத்தமே 215 ஆகிவிட்டது. பெரும்பான்மைக் கோடு 117-லிருந்து 108-க்கு இறங்கியது. நேற்றுவரை நூலிழையில் தொங்கிய அரசு, ஒரே உத்தரவில், ஒரு ஓட்டுகூட யாரும் போடாமல், வசதியான பெரும்பான்மை அரசாகிவிட்டது. 'காலியிடம்' என்ற சொல் பட்டியலில் ஒரு வரி. நடைமுறையில் அது அரசுக்குக் கிடைத்த ஒன்பது படி இறக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1985-ல் அரசியலமைப்பில் சேர்த்த பத்தாவது அட்டவணைதான் கட்சித் தாவல் தடைச் சட்டம். எம்.எல்.ஏ. பதவி போக இரண்டு வழி. கட்சி உறுப்பினர் தகுதியைத் தானாக விட்டுக்கொடுப்பது ஒன்று. கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போடுவது இன்னொன்று. பதினெட்டுப் பேர் எந்த வாக்கெடுப்பிலும் மீறவில்லை. "நாங்கள் கட்சியை விடவில்லை, முதலமைச்சரை மாற்றச் சொல்கிறோம், அவ்வளவுதான்" என்பது அவர்கள் வாதம். ஆளுநரிடம் போய் அரசுக்கு எதிராகக் கடிதம் கொடுத்ததே கட்சியை விட்டதற்குச் சமம் என்பது சபாநாயகர் தரப்பு. 2018 ஜூன் 14 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி ஒரு பக்கமும் நீதிபதி எம். சுந்தர் மறுபக்கமும் தீர்ப்புச் சொன்னார்கள். மூன்றாவதாக விசாரித்த நீதிபதி சத்தியநாராயணன் அக்டோபர் 25 அன்று தகுதிநீக்கம் செல்லும் என்றார். பதினெட்டுப் பேரும் மேல்முறையீட்டுக்குப் போகாமல் தேர்தலைச் சந்திப்பது என்று முடிவெடுத்தார்கள்.

சரி, பிப்ரவரி 18-ல் எதிர்த்து ஓட்டுப் போட்ட அந்தப் பதினொரு பேர்? அவர்கள் அவைக்குள்ளேயே, எண்ணி எழுதும்படி, அரசுக்கு எதிராகக் கை தூக்கினவர்கள். அவர்கள் பதவி போகவில்லை. பன்னீர்செல்வம் துணை முதலமைச்சரானார். தி.மு.க. உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 பிப்ரவரியில் அந்த நீதிமன்றம் விஷயத்தைச் சபாநாயகரிடமே விட்டுவிட்டது. கடிதம் எழுதினவனுக்கு வேலை போச்சு, கை தூக்கினவனுக்குப் பதவி உயர்வா என்று எங்கள் தெருப் பெரியவர் கேட்டார். சட்டம் படித்தவர்கள் இதற்கு நீளமான பதில் வைத்திருக்கிறார்கள்: பிப்ரவரியில் எது உண்மையான அ.தி.மு.க. என்பதே தகராறு, யார் கொறடா என்பதும் தகராறு என்று. நான் இரண்டையும் கேட்டேன். பெரியவரின் கேள்விதான் எனக்குக் கனமாகப் பட்டது.

கவனித்தீர்களா, அந்தக் கட்சியின் மூன்று அணிக்கும் வடசென்னையிலேயே ஆள் இருந்தது. எடப்பாடி பக்கம் ராயபுரம் ஜெயக்குமார். 2017 பிப்ரவரியிலிருந்து சில மாதம் நிதித்துறையும் அவரிடம் இருந்ததால் அந்த வருட பட்ஜெட்டை அவர்தான் படித்தார். பன்னீர்செல்வம் பக்கம் மதுசூதனன். தினகரன் பக்கம் வெற்றிவேல். ஒரே ஷேர் ஆட்டோவில் மூன்று அணியின் அலுவலகத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.

2017 நவம்பர் மழையை இங்கே சொல்லாமல் விட முடியாது. செப்டம்பர் 18-க்கும் டிசம்பர் 24-க்கும் இடையில் ஆர்.கே. நகர், பெரம்பூர் இரண்டுமே காலி. பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகள். நவம்பர் முதல் தேதி கொடுங்கையூரில், தேங்கிய மழைத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். எம்.எல்.ஏ. இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தெரு இருக்கும் தொகுதியின் பெயரால் எழுந்து நின்று கேட்க அவையில் ஆள் இல்லை, மாநகராட்சி மன்றத்தில் கேட்க மன்றமே இல்லை. எங்கள் குழாய்த் தண்ணீர் மனு அடுத்த கோடையில். அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர் முகவரியைப் பார்த்துவிட்டு, "உங்க ஏரியாவுக்கு இப்போ கேக்கறதுக்கு ஆள் இல்லீங்களே" என்று எங்கள் மேல் பரிதாபப்பட்டார். வேலை நடக்க இன்னும் மூன்று வாரம் ஆனது.

2019: இருபத்திரண்டு இடம்

2019-ல் மொத்தம் 22 காலியிடம் சேர்ந்துவிட்டது. பதினெட்டோடு, கருணாநிதி மறைவால் திருவாரூர், ஏ.கே. போஸ் மறைவால் திருப்பரங்குன்றம், அமைச்சர் பாலகிருஷ்ண ரெட்டிக்குத் தண்டனை வந்ததால் ஓசூர், கனகராஜ் மறைவால் சூலூர். அவையில் அப்போது அ.தி.மு.க. 114. தி.மு.க. 88, காங்கிரஸ் 8, லீக் 1, தினகரன் 1.

இடங்கள் நிரம்பினால் பெரும்பான்மைக் கோடு மறுபடி 118-க்கு ஏறும். அரசுக்கு 22-ல் குறைந்தது நான்கு வேண்டும். எதிர்ப்பக்கத்துக்கு 97-லிருந்து 118 வர 21 வேண்டும். அதாவது தி.மு.க. கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அள்ள வேண்டும். மக்களவைத் தேர்தலில் அந்தக் கூட்டணி அள்ளவும் செய்தது: ஓட்டு நடந்த 38-ல் 37. ஆனால் இடைத்தேர்தலில் தி.மு.க. 13, அ.தி.மு.க. 9. ஆட்சி தப்பியது. பெரும்பாலான தொகுதிகளில் ஒரே நாளில், ஒரே சாவடியில், இரண்டு பொத்தானை வேறு வேறு மாதிரி அழுத்தத் தெரிந்த ஜனங்கள் இவர்கள்.

பெரம்பூர் அந்தப் பதின்மூன்றில் ஒன்று. தி.மு.க.வின் ஆர்.டி. சேகர், அ.தி.மு.க.வின் ஆர்.எஸ். ராஜேஷை 68,000-க்கும் அதிகமான ஓட்டில் தோற்கடித்தார். 519 எங்கே, 68,000 எங்கே. 612 நாளுக்குப் பிறகு எங்களுக்கு எம்.எல்.ஏ. கிடைத்தார். வெற்றிவேல் 2020 அக்டோபரில் கொரோனாவில் இறந்தார்.

அக்டோபர் 2019-ல் நாங்குநேரியும் விக்கிரவாண்டியும் அ.தி.மு.க.வுக்குப் போய் அதன் கணக்கு 125 ஆனது. எங்கள் பக்கத்துக்கு அதில் வேலை இல்லை.

கொளத்தூரும் திரு.வி.க. நகரும்

இரண்டிலும் ஐந்து வருடமும் ஒரே ஆள், ஒரே கட்சி. ஆய்வில் இவற்றுக்குப் பத்தி தேவைப்படாததே நல்ல சேதி. ஒன்றைத் தவிர: 2016-ல் ஆறு பேரில் பெண் ஜெயலலிதா ஒருவர். அவர் போன பிறகு மிச்சமிருந்த காலம் முழுக்க வடசென்னையின் ஆறு இடத்திலும் ஒரு பெண்கூட இல்லை. மீன் அங்காடியிலிருந்து ஏற்றுமதி நிறுவனம் வரை பெண்கள் உழைக்கிற பகுதி இது.

திருவொற்றியூர்

கே.பி.பி. சாமி முன்னாள் மீன்வளத்துறை அமைச்சர், மீனவக் குப்பத்துக்காரர். 2020 பிப்ரவரி 27 அன்று இறந்தார். மறுநாளே குடியாத்தம் தி.மு.க. எம்.எல்.ஏ. காத்தவராயனும் இறந்தார். அவையின் காலம் முடிய அப்போது ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. சட்டப்படி இடைத்தேர்தல் வந்தே ஆக வேண்டும். மார்ச்சில் ஊரடங்கு வந்தது. செப்டம்பர் இறுதியில் தேர்தல் ஆணையம், நாலு மாநிலங்களில் ஏழு தொகுதிகளுக்கு இப்போதைக்கு இடைத்தேர்தல் இல்லை என்று சொல்லிவிட்டது. ஏழில் இரண்டு திருவொற்றியூரும் குடியாத்தமும். அதே சமயத்தில் பீகாரில் 243 தொகுதிக்கும் தேர்தல் வைத்தார்கள் என்பதை எண்ணூர் பக்கம் சிலர் சுட்டிக்காட்டினார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு சட்டமன்றத்தின் ஐந்து வருடம் முடிவதும் ஓர் உறுப்பினர் இறப்பதும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்று அல்ல. முதலாவதைத் தள்ளிவைப்பது ரொம்பக் கடினம்.

2020 ஜூன் 10 அன்று சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி எம்.எல்.ஏ. ஜெ. அன்பழகன் கொரோனாவில் இறந்தார். அங்கே மிச்சக் காலம் ஒரு வருடத்துக்குக் குறைவு, ஆகவே இடைத்தேர்தல் கேள்வியே எழவில்லை. அக்டோபர் கடைசியில் பாபநாசம் எம்.எல்.ஏ.வும் அமைச்சருமான துரைக்கண்ணு இறந்தார். ஆக, 15-வது சட்டமன்றம் முடியும்போது கணக்கு: அ.தி.மு.க. 124, தி.மு.க. 97, காங்கிரஸ் 7, லீக் 1, சுயேச்சை 1, காலி 4. இந்தக் கணக்கையும் முதல் நாள் கணக்கையும் பக்கத்தில் வைத்தால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் தோன்றும். நடுவில் ஒரு கட்டத்தில் 22 நாற்காலி காலியாக இருந்தது அதில் தெரியாது.

வடசென்னையின் ஆறில் கடைசி நாள் நிலவரம்: தி.மு.க. மூன்று, அ.தி.மு.க. ஒன்று, சுயேச்சை ஒன்று, காலி ஒன்று. மூன்று தொகுதிகள் ஆளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் காலி. ஆர்.கே. நகர் 384 நாள், பெரம்பூர் 612, திருவொற்றியூர் முடிவு வந்த நாள்வரை 430. கூட்டினால் 1,426 நாள். ஒரே தொகுதியாக நினைத்துப் பார்த்தால் ஐந்து வருடத்தில் கிட்டத்தட்ட நான்கு வருடம் ஆளே இல்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு: முதலாவதில் பணம், இரண்டாவதில் வழக்கு, மூன்றாவதில் தொற்று.

2021 மே 2 அன்று எண்ணியபோது ஆறும் தி.மு.க.வுக்கு. 2016-ல் மூன்றுக்கு மூன்று என்று இருந்தது ஆறுக்குப் பூஜ்யம் ஆனது. ராயபுரத்தில் ஜெயக்குமார் 27,779 ஓட்டில் ஐட்ரீம் மூர்த்தியிடம் தோற்றார். ஆர்.கே. நகரில் எபினேசர், அதே ஆர்.எஸ். ராஜேஷை 42,479 ஓட்டில் ஜெயித்தார். பாவம், ராஜேஷுக்கு இரண்டு வருடத்தில் இரண்டு தொகுதி. தினகரன் ஆர்.கே. நகர் பக்கமே வரவில்லை, கோவில்பட்டியில் நின்று தோற்றார். திருவொற்றியூரில் சாமியின் தம்பி கே.பி. சங்கர் ஜெயித்தார். கொளத்தூர் எம்.எல்.ஏ. ஐந்து நாள் கழித்து முதலமைச்சரானார்.

எங்கள் தெருப் பெரியவர் அந்த வாரமே ஒரு மனு எழுதச் சொன்னார், இந்த முறை தெருவிளக்குக்கு. பெறுநர் இடத்தில் எம்.எல்.ஏ. பெயரைத் தயங்காமல் எழுதினேன். அதற்குக் கீழே கவுன்சிலருக்கு விட்டுவைத்த வரி இன்னும் ஒன்பது மாதம் காலியாகவே கிடந்தது.